நட்ட தென்னை வேர் பிடிக்கும் வரை

ஆடியில் நட்ட கன்று. இரண்டு மாதத்துக்குள் அடி ஓலைகள் காய்ந்துவிட்டன. பிழைக்குமா?

அடி ஓலை காய்வதை வைத்துப் பயப்படாதீர்கள். நாற்றங்காலில் இருந்து பெயர்க்கும்போது வேர் அறுபடுகிறது. புது வேர் ஓடும்வரை கன்று பழைய ஓலையின் சத்தை இழுத்துத்தான் உயிர் வாழும். அதனால் பாதி பச்சையாக உள்ள ஓலையைக் கழிக்காதீர்கள், அது அதன் சோற்றைப் பறிப்பது.

குருத்தைப் பாருங்கள். தென்னைக்கு உயிர்நிலை அது ஒன்றுதான்; பக்கத்தில் துளிர்த்துத் தப்பிக்க வழியில்லை. குருத்திலும் அதை ஒட்டிய மட்டையிலும் ஒரே மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். சில வாரங்களில் குருத்தின் கோடு மேலே ஏறியிருந்தால் கன்று வளர்கிறது. குருத்து வாடி, மெல்ல இழுத்ததும் கையோடு வந்து நாற்றமடித்தால் குருத்தழுகல். அழுகியதைச் சுத்தமாக நீக்கிவிட்டு அன்றைக்கே போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவுங்கள்.

தினமும் தண்ணீர் விடலாமா?

மண்ணைக் கேளுங்கள். அரை அடி தோண்டி ஒரு பிடி மண்ணை உருட்டுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் விடுங்கள், பிசுபிசுவென ஒட்டினால் நிறுத்துங்கள். மணல் நிலத்துக்கு அடிக்கடி வேண்டும், களியில் தேங்கினால் வேர் மூச்சடைத்து அழுகும். கோடையில் மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டுங்கள்.

3 அடிக் குழியை முழுக்க மூடிவிடலாமா?

கூடாது. 2 அடிவரை தொழுவுரம், செம்மண், மணல் கலந்து நிரப்பினால் போதும். கன்று வளர வளர, ஆண்டுதோறும் கொஞ்சமாக மண் அணையுங்கள். மழை பெய்த மறுநாள் குழிக்குப் போய், மட்டை இடுக்கில் இறங்கிய மண்ணையும் தேங்கிய நீரையும் அகற்றுங்கள். பலர் விட்டுவிடுகிற வேலை இது. கன்றுகள் அழுகுவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

உரம் எப்போது?

வேர் பிடித்த பிறகு. முதல் ஆண்டுக்கு, வளர்ந்த மரத்துக்கு இடுவதில் கால் பங்கு.

வீடு கட்ட இடைஞ்சல் என்று 8 வயது மரத்தைப் பெயர்த்து நட்டோம். காற்றில் ஆடுகிறது. ஆணி அடித்து முட்டுக்கொடுக்கலாமா?

தயவுசெய்து மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். மா, வேம்பில் மூடுவதுபோலத் தென்னைத் தண்டில் காயம் மூடாது. பட்ட ஓட்டை ஆயுளுக்கும் நிற்கும், நோயும் வண்டும் அதன் வழியே நுழையும். தண்டில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் குட்டையான மரக்கட்டைகளைக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். முட்டுக்கழிகளை அந்தக் கட்டைகளில் அடியுங்கள். ஆடுகிறதே என்று ஆழமாகவும் புதைக்காதீர்கள். முன்பு நின்ற மட்டத்திலேயே நிற்கட்டும். ஓர் ஆண்டாவது முட்டு இருக்க வேண்டும்.

பனங்கன்றைப் பிடுங்கி நட்டால் வருமா?

வருவது அரிது. பனை முளைக்கும்போதே கிழங்கை ஆழத்துக்கு இறக்கிவிடும். பிடுங்கினால் அது முறியும். மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையை ஊன்றிவிடுங்கள்.