ஆபாசத் தளங்களுக்கெனத் தனி டொமைன் பின்னொட்டு இருப்பது நல்லதுதானே? ஏன் எதிர்க்கிறார்கள்?

பிள்ளைகளைப் பெற்ற எவருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான்: எல்லா ஆபாசத் தளங்களையும் ஒரே பின்னொட்டுக்குள் (டாட் காம் போல, இணைய முகவரியின் கடைசித் துண்டு) தள்ளிவிட்டு, வீட்டில் அந்த ஒன்றை மட்டும் தடுத்துவிடலாம். இணையத் தளங்களைப் பராமரிப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன்.

ஆபாசத் தளங்களுக்கான டாட் டிரிபிள்எக்ஸ் (.xxx) பின்னொட்டை ஐசிஎம் ரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் 2000-இலேயே கேட்டது. டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு முதலில் மறுத்தது, 2005-இல் இசைந்தது, 2007-இல் கைவிட்டது, கடைசியில் 2011 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒரே பக்கம் நின்றார்கள். தனி இடம் கொடுப்பதே அங்கீகாரம் கொடுப்பதுதான் என்றன மத அமைப்புகள். இன்று விருப்பம் என்பார்கள், நாளை கட்டாயமாக்கித் தடைசெய்வார்கள் என்று அஞ்சியது ஆபாசத் தளத் தொழிலின் சங்கமான ஃப்ரீ ஸ்பீச் கோயலிஷன்.

என்னைப் பொறுத்தவரை தொழில்நுட்பக் காரணமே வலுவானது. டொனால்ட் ஈஸ்ட்லேக் 2004-இல் எழுதிய ஆர்எஃப்சி 3675 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் அதை அழகாக விளக்குகிறது. டொமைன் பெயர் என்பது ஓர் ஐபி எண்ணை, அதாவது தளம் இருக்கும் கணினியான சர்வரின் எண் முகவரியை, காட்டும் குறிப்பு மட்டுமே. ஒரு பெயரைப் பதிவு செய்தவர், அது எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்பதை யாரிடமும் கேட்காமல் மாற்றலாம். ஆபாசப் பின்னொட்டுள்ள பெயருக்கு ஒரு நூலகத்தின் ஐபி எண்ணை எழுதிவிட்டால், நூலகத்துக்குத் தெரியாமலே அதன் சர்வருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். சாதாரணமான பெயர் ஒன்று ஆபாசத் தளத்தைக் காட்டுவதும் அவ்வளவே எளிது. உள்ளே இருப்பது என்னவென்று பின்னொட்டு சொல்லவே முடியாது.

விருப்பமிருந்தால் வரலாம் என்று வைத்தால் பயனில்லை. 2011 டிசம்பரில் பொதுப் பதிவு தொடங்கியபோது டாட் காமை விட்டு யாரும் வெளியேற வேண்டியிருக்கவில்லை. ஏற்கனவே வாசகர் கூட்டம் உள்ள முகவரியை யார் விடுவார்கள்?

கட்டாயமாக்கினால்தான் எனக்கு உண்மையான பயம். எது ஆபாசம் என்று முடிவு செய்வது யார்? நாட்டுக்கு நாடு சட்டமும் வேறு, கூச்சமும் வேறு. வளரிளம் பருவத்தினருக்கான உடல்நலத் தளம் ஒன்றை நான் பராமரித்திருக்கிறேன். மார்பகத்தில் கட்டி இருக்கிறதா என்று கைகளால் தடவிப் பார்ப்பது எப்படி என்பதைப் படத்துடன் விளக்கிய பக்கத்தை ஒரு பள்ளியின் வடிகட்டி மென்பொருள் மறித்துவிட்டது. கருத்தடை பற்றிய பக்கத்துக்கும் அதே கதி. அந்தத் தவறைக் கடிதம் எழுதித் திருத்த முடிந்தது. இதையே ஓர் அரசு சட்டமாக்கி, உன் இடம் அந்தப் பின்னொட்டுதான் என்று அனுப்பிவிட்டால், அந்தத் தகவல் தேவைப்படும் பெண் பிள்ளை அதை எங்கே போய்த் தேடுவாள்? பள்ளியிலும் வீட்டிலும் அந்தப் பின்னொட்டே திறக்காதே!

பணத்தையும் சொல்ல வேண்டும். தங்கள் பெயரை வேறு யாரும் ஆபாசப் பின்னொட்டோடு பதிந்துவிடக் கூடாது என்பதற்காகவே பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் காசு கட்டின. டொமைன் பெயர்களை விற்கும் பதிவு நிறுவனங்களிடம் டாட் டிரிபிள்எக்ஸ் பெயர் ஒன்றுக்கு ஐசிஎம் வாங்கிய தொகை ஆண்டுக்கு 60 டாலர். டாட் காமுக்கு அப்போது பத்து டாலர்கூட இல்லை. பிறகு டாட் போர்ன், டாட் அடல்ட் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அதே தலைவலி. இதை நான் மிரட்டிப் பணம் பறிப்பதற்கு ஒரு படி கீழே வைப்பேன்.

பிள்ளைகளைக் காக்க வேண்டுமானால், பின்னொட்டை நம்பாத வழிகள் இருக்கின்றன. 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று பொருள்படும் ஆர்டிஏ என்ற குறியீட்டைத் தளத்துக்காரர்கள் தங்கள் பக்கங்களிலேயே சேர்க்கலாம். வடிகட்டிகள் அதைப் படித்துத் தடுக்கும். வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ் (டொமைன் பெயருக்குரிய ஐபி எண்ணைத் தேடித் தரும் சேவை) முகவரியை 1.1.1.3 என்று மாற்றினால், அந்தச் சேவையை நடத்தும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தொகுத்துள்ள பட்டியலில் இருக்கும் ஆபாசத் தளங்கள், பின்னொட்டு எதுவானாலும், திறக்காது. கைப்பேசியின் மொபைல் டேட்டாவுக்கு இது பொருந்தாது. அதற்குக் கைப்பேசியிலேயே தனியாக அமைக்க வேண்டும்.