பிப்ரவரி 29: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளிப் பலகையில் ‘வரலாற்றில் இன்று’ எழுதுகிறேன். அமெரிக்காவின் டீர்ஃபீல்டு ஊர்த் தாக்குதல் பிப்ரவரி 29-ல் நடந்தது என்கிறார்கள். ஆனால் ஒரு பழைய குறிப்பில் ஆண்டு 1703, இன்னொன்றில் 1704. 1703 லீப் ஆண்டே இல்லையே, அச்சுப்பிழைதானே?

பதில்: பிழை இல்லை. டீர்ஃபீல்டு அன்று ஆங்கிலேயர் குடியேற்றம். அவர்களுக்கு அப்போது ஆண்டு பிறப்பது மார்ச் 25-ல். நமக்கு 1704 பிப்ரவரி என்றால் அவர்களுக்கு அது 1703-ன் கடைசிக் கட்டம். குழப்பம் வேண்டாம் என்று 1703/4 எனச் சேர்த்து எழுதியவர்களும் உண்டு. அவர்கள் பின்பற்றியது பழைய ஜூலியன் நாட்காட்டி. தாக்க வந்த பிரெஞ்சுக்காரர்களோ கிரிகோரியன், அதாவது இன்றைய நாட்காட்டிக்காரர்கள். பிரெஞ்சுக்காரர் கணக்கில் அது 1704 மார்ச் 11. நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சிறைபிடித்துக் கனடாவுக்கு நடத்திச் சென்ற அந்த ஒரே விடியலுக்கு இப்படி மூன்று தேதிகள்.

எனவே பழைய தேதி கிடைத்ததும் நாலால் வகுக்க உட்காராதீர்கள். எந்த நாட்டு ஆவணம் என்று முதலில் பாருங்கள். ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1582-ல் ஜூலியனிலிருந்து கிரிகோரியனுக்கு மாறின; அங்கே அக்டோபர் 4-க்கு மறுநாள் 15. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் மாறியது 1752-ல். செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. ரஷ்யாவில் 1918 ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. மாற்றத்துக்கு முந்தைய தேதி என்றால், ஆண்டு 4-ஆல் வகுபட்டாலே லீப். பிந்தையது என்றால், 00-ல் முடியும் ஆண்டு 400-ஆலும் வகுபட வேண்டும். ஆண்டுப் பிறப்பு எப்போது என்பதையும் மறக்காமல் பாருங்கள். 1703-ல் உங்களை இடற வைத்தது அதுதான். பலகையில் ‘1703/4 பிப்ரவரி 29, பழைய முறை’ என்று போட்டால் போதும். நாளை ஒரு முறையிலும் ஆண்டை இன்னொரு முறையிலும் எழுதிவிடாதீர்கள். நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு அது.

கேள்வி: கிரகணத்தைக் காட்டிக் கொலம்பஸ் உணவு வாங்கிய கதை நிஜமா?

பதில்: கிரகணம் நிஜம். 1504 பிப்ரவரி 29 மாலை, ஜமைக்காவில் சந்திர கிரகணம். புழு அரித்த கப்பல்களோடு அவர் முந்தைய ஆண்டிலிருந்தே அங்கே சிக்கிக் கிடந்தார். தீவு மக்கள் உணவு தருவதை நிறுத்தியபோது, ரெஜியோமோன்டானஸின் வானியல் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ‘கடவுள் கோபத்தில் நிலவை மறைப்பார்’ என்று மிரட்டினார். யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் கொலம்பஸ் தரப்பு சொன்னது. அதை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் சரிபார்க்கும்போது சில மென்பொருள்கள் மார்ச் 10 என்று காட்டும். அது இன்றைய நாட்காட்டியைப் பின்னோக்கி நீட்டிய கணக்கு. 1582-க்கு முந்தைய நிகழ்வுகளுக்கு ஜூலியன் தேதியையே எழுதுவது வழக்கம்.

கேள்வி: எக்செலில் 60 என்று இட்டுத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் 1900 பிப்ரவரி 29 வருகிறது. 1900 லீப் ஆண்டா?

பதில்: இல்லை, 400-ஆல் வகுபடாது. லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900-ஐத் தவறாக லீப் ஆண்டு என்று எடுத்துக்கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செலும் அந்தத் தவறைத் தெரிந்தே சுமந்தது. விளைவு, 1900 ஜனவரி, பிப்ரவரி தேதிகளுக்கு எக்செல் சொல்லும் கிழமை ஒரு நாள் பிசகும். ஜனவரி 1 உண்மையில் திங்கள். எக்செல் ஞாயிறு என்னும். மார்ச் 1-க்கு முன்னும் பின்னுமாக இரண்டு தேதிகளைக் கழித்தால் விடையில் ஒரு நாள் கூடிவிடும். மார்ச் 1-லிருந்து எல்லாம் சரி. 1900-க்கு முந்தைய தேதியை எக்செல் வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும், கணக்குப் போடாது. இதில் ஒரு வேடிக்கை: ஜூலியன் முறையில் இருந்த ரஷ்யாவில் அந்த 1900 பிப்ரவரி 29 நிஜமாகவே வந்தது. கிரிகோரியன் முறையில் இருந்த நாடுகளுக்கு அது மார்ச் 13.

இன்னொரு பொறியும் உண்டு. 2024 பிப்ரவரி 29-லிருந்து ஓராண்டு தள்ளச் சொன்னால், ‘ஈடேட்’ சூத்திரம் 2025 பிப்ரவரி 28 தரும்; ‘டேட்’ சூத்திரத்தில் ஆண்டை மட்டும் ஒன்று கூட்டினால் மார்ச் 1 வரும். ஒரே பட்டியலில் இரண்டையும் கலக்காதீர்கள். 2012 பிப்ரவரி 29-ல் மைக்ரோசாஃப்டின் மேகக் கணினிச் சேவையான அஸூர் முடங்கியதும் இதன் உறவுதான். கணினிகள் ஒன்றையொன்று நம்பப் பயன்படுத்தும் டிஜிட்டல் சான்றிதழின் முடிவுத் தேதிக்கு ஆண்டில் ஒன்றைக் கூட்டினார்கள். 2013 பிப்ரவரி 29 என்று இல்லாத நாள் வந்து நின்றது.

கேள்வி: மொரார்ஜி தேசாய் எத்தனை பிறந்தநாள் கண்டார்?

பதில்: 1896 பிப்ரவரி 29-ல் பிறந்தார், 1995 ஏப்ரலில் மறைந்தார். 1900-ஐ விட்டுவிட்டு 1904 முதல் 1992 வரை எண்ணினால் 23. முதல் பிறந்தநாளுக்கே எட்டு வயது! அந்த 1904 பிப்ரவரி 29-ல்தான் மதுரையில் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார். 1977-ல் பிரதமராக இருந்த மொரார்ஜி, குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை முன்மொழிய விரும்பினார். ருக்மிணி தேவி மறுத்துவிட்டார். பிறந்தநாள் பொருத்தம் அரசியலில் எடுபடவில்லை. லீப் அல்லாத ஆண்டில் வயது எப்போது நிறைகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்: ஹாங்காங்கில் மார்ச் 1, தைவானில் பிப்ரவரி 28.

கேள்வி: பிப்ரவரி 30 வந்ததுண்டா?

பதில்: உண்டு, ஸ்வீடனில், 1712-ல். கிரிகோரியனுக்கு மெல்ல மாறலாம் என்று 1700-ன் லீப் நாளை விட்டார்கள். 1704, 1708-ல் விட மறந்தார்கள். கடைசியில் பழைய முறைக்கே திரும்ப ஒரு நாளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

கேள்வி: அடுத்த பிப்ரவரி 29 என்ன கிழமை?

பதில்: ஒவ்வொரு முறையும் ஐந்து கிழமை முன்னே தள்ளுங்கள். 2024 வியாழன், 2028 செவ்வாய், 2032 ஞாயிறு. 2096-ல் புதன் வரும். அடுத்தது 2104-ல்தான், வெள்ளிக்கிழமை. இடையில் 2100 லீப் இல்லாததால் அங்கே மட்டும் ஐந்துக்குப் பதில் இரண்டு கூட்ட வேண்டும்.