லூயிஸ் ஆல்சன் எந்த ஊர்க்காரர்? நார்வே மூதாதையரைத் தேடும் வழி

கேள்வி: நான் மினசோட்டாவில் வசிக்கிறேன். என் கணவர் குடும்பம் நார்வேயிலிருந்து வந்தது. மாமனாருக்கு 80 வயது நெருங்குகிறது. அவருடைய தாத்தா லூயிஸ் ஆல்சன், 1861இல் பிறந்து 1882இல் அமெரிக்கா வந்தவர். "பெர்கன்காரர்" என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பிறந்த மண்ணை மாமனாருக்கு ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும். ஆனால் இணையத்தில் தேடினால் ஆல்சன்கள் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் பெயரைப் போட்டுத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். லூயிஸ் ஆல்சன் என்பது பெரும்பாலும் அமெரிக்காவில் ஒட்டிக்கொண்ட பெயர். ஊரில் அவர் லார்ஸ் ஓல்சனாக இருந்திருப்பார், அதாவது ஓலேயின் மகன் லார்ஸ். கடல் கடந்ததும் லார்ஸ் லூயிஸ் ஆனதும், காரி கேரி ஆனதும், கூரி ஜூலியா ஆனதும் அன்றைக்கு வெகு சாதாரணம்.

இந்தப் பெயர் முறையைப் புரிந்துகொள்ள அமெரிக்கர்கள் சிரமப்படுவார்கள். உங்களுக்குச் சிரமமே இருக்காது. நம் வீட்டில் அப்பா பெயர்தானே பிள்ளைக்கு இனிஷியல்? அங்கேயும் அப்படித்தான். ஓலே க்னூட்சனின் மகன் லார்ஸ் ஓல்சன், லார்ஸின் மகன் ஓலே லார்சன். கல்யாணம் ஆனாலும் பெண் தன் அப்பா பெயரிலேயே இருப்பாள். எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று நார்வேயில் சட்டம் வந்ததே 1923இல்தான். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்று வைப்பதும் அங்கே வழக்கம். 'பேரன்' என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இதையும் விளக்க வேண்டியதில்லை. அதனால் லூயிஸின் பிள்ளைகளை வயது வரிசையில் எழுதுங்கள். மூத்தவன் ஓலேயாகவோ ஆலிவராகவோ இருந்தால் ஓலேதான் லூயிஸின் அப்பா என்பதற்கு இன்னொரு சான்று. மூத்த மகளின் பெயர் லூயிஸுடைய அம்மாவின் பெயராக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

அப்புறம் பண்ணைப் பெயர். நம்மில் சிலர் ஊரின் முதல் எழுத்தையும் சேர்த்துப் போடுவதுபோல, அவர்கள் குடியிருந்த பண்ணையின் பெயரைக் கடைசியில் சேர்ப்பார்கள். அது குலப்பெயர் அல்ல, விலாசம். பண்ணை மாறினால் பெயரும் மாறும். அமெரிக்கா வந்த அண்ணன் ஆல்சன் ஆகியிருப்பார், தம்பி பண்ணைப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஹாகன் ஆகியிருப்பார். மினசோட்டாவில் லீ என்று இருப்பவர்களில் பலர் 'லி' என்ற பண்ணையிலிருந்து வந்தவர்கள். ஆகவே லூயிஸுக்கு வேறு பெயரில் உடன்பிறந்தவர்கள் இருந்தார்களா என்று மாமனாரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

சரி, பெர்கன்? அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அவர் கப்பல் ஏறிய மேற்குக் கரைத் துறைமுகமாக மட்டும் இருக்கலாம். 1919 வரை அந்த மேற்குக் கரையின் இரண்டு மாவட்டங்களுக்குப் பெயரே தெற்கு பெர்கன்ஹூஸ், வடக்கு பெர்கன்ஹூஸ் என்றுதான் இருந்தது. வொஸ், ஹார்டாங்கர், சோக்ன் போன்ற பகுதிகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

நமக்கு வேண்டியது திருச்சபை வட்டாரத்தின் (பாரிஷ்) பெயர். அது தெரியாமல் நார்வே ஆவணங்களுக்குள் இறங்கினால் மாதக்கணக்கில் அலைய வேண்டியதுதான். நான் ஒரு குடும்பத்துக்குத் தேடியபோது, பெயரும் பிறந்த வருடமும் பொருந்திய ஒருவரைப் பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறை மேலே போய்விட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதர் ஊரை விட்டே போகவில்லை.

வட்டாரத்தின் பெயர் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே கிடைத்துவிடும். லூயிஸ் எந்த லுத்தரன் சபையில் அடக்கம் செய்யப்பட்டார் என்று கண்டுபிடியுங்கள். நார்வேக்காரர்களின் சபைகளில் போதகர் நார்வே மொழியிலேயே பதிவேடு எழுதினார். அரசாங்கத்தின் இறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் வெறும் 'நார்வே' என்றிருக்கும். அதே மனிதரின் அடக்கப் பதிவில் 'விக், சோக்ன்' என்று ஊரே இருக்கும், ஏனென்றால் எழுதியவருக்கு அந்த ஊர் தெரியும். இந்தப் பதிவேடுகளில் ஏராளமானவை படமாக்கப்பட்டு ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளத்தில் இருக்கின்றன. 1874 முதல் 1972 வரை அயோவாவிலிருந்து வந்த டெக்கோரா-பொஸ்தன் பத்திரிகையின் மரணச் செய்திகளையும் விடாதீர்கள். விஸ்கான்சினில் மாடிசன் நகரில் நார்வே அமெரிக்கர்களின் வம்சாவளி ஆய்வு மையமும் நூலகமும் இருக்கின்றன, அங்கேயும் கேட்கலாம். பக்கத்து நிலத்துக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்றும் பாருங்கள். ஒரே பள்ளத்தாக்கின் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அக்கம்பக்கத்தில் குடியேறுவது வழக்கம்.

ஊர் கிடைத்த பிறகு நார்வேயின் தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்க்கிவெட் தளத்துக்குப் போங்கள். காசு கிடையாது, ஆங்கிலத்திலும் பார்க்கலாம். அங்கே 1865, 1875 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இருக்கின்றன. 1865இல் அடுத்த பிறந்தநாளில் எத்தனை வயதோ அதைத்தான் எழுதினார்கள், எனவே 1861இல் பிறந்த லார்ஸுக்கு 5 என்று இருக்கும். தேடும்போது எழுத்துகளைப் பற்றித் தயங்கினால் 'Lar*' என்பதுபோல் நட்சத்திரக் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் குடியேறப் போனவர்களைப் பற்றி பெர்கன் காவல்துறை எழுதிய பட்டியல் 1874இலிருந்து இருக்கிறது. 1882இல் நார்வேயை விட்டுப் போனவர்கள் 28,000க்கும் மேல், அவ்வளவு பேர் ஒரே வருடத்தில் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. பட்டியலில் பெயர், வயது, தொழில், குடியிருந்த இடம், போகும் இடம் இருக்கும். அதில் உள்ள கப்பல் பெயரை அமெரிக்கப் பட்டியலில் தேடாதீர்கள். பெரும்பாலோர் முதலில் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், அங்கே வேறு கப்பல் ஏறினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் திடப்படுத்தல் பதிவு, அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்ததும் தன் விசுவாசத்தைச் சபையின் முன் உறுதிசெய்யும் சடங்கின் பதிவு. தரங்கம்பாடி லுத்தரன் சபைகளில் இன்றும் நடக்கிற அதே சடங்குதான். லார்ஸுக்கு 15 வயது ஆகும்போது, 1876 வாக்கில் பாருங்கள். ஒரே வரியில் பையன் பெயர், அப்பா அம்மா பெயர், பண்ணை, பிறந்த தேதி, வேதபாட அறிவுக்குப் போதகர் போட்ட மதிப்பு, கூடவே பெரியம்மைத் தடுப்பூசி போட்ட தேதியும் இருக்கும். 1810இல் வந்த ஆணைப்படி தடுப்பூசி இல்லாமல் திடப்படுத்தல் கிடையாது. எழுத்து பழைய கோத்திக் கையெழுத்து, முதல் நாள் ஒன்றுமே புரியாது. அதே போதகர் எழுதிய பத்துப் பக்கங்களைப் பார்த்தால் கண் பழகிவிடும். பக்கம் சிதைந்திருந்தால் கோயில் ஊழியர் தனியாக வைத்திருந்த இன்னொரு பதிவேடு இருக்கிறதா என்று தேடுங்கள். பல ஊர்களில் இரண்டும் மிஞ்சியிருக்கின்றன.

ஒரு லார்ஸ் கிடைத்ததும் நம்பிவிடாதீர்கள். அவரைப் பின்தொடர்ந்து முன்னால் வாருங்கள். சிறுவயதிலேயே இறந்தாரா? 1891 அல்லது 1900 கணக்கெடுப்பில் நார்வேயிலேயே இருக்கிறாரா? இருந்தால் அவர் உங்கள் ஆள் இல்லை. தேவாலயப் பதிவேட்டில் ஊரை விட்டுப் போனவர்களின் பட்டியல் தனியாக இருக்கும். அங்கே லார்ஸ் பெயருக்கு எதிரே 'அமெரிக்கா' என்று இருந்தால், பிறந்த தேதியும் இங்கே உள்ள தேதியோடு ஒத்துப்போனால், பயணச்சீட்டு வாங்கலாம்.

கிளம்பும் முன் அந்த வட்டாரத்தின் பிக்டெபூக்கைத் தேடுங்கள். பண்ணை பண்ணையாக யார் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்லும் ஊர் வரலாற்று நூல் அது. பண்ணைக்கு உரிய எண்ணும் அதில் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு இன்றைய வரைபடத்தில் இடத்தைக் கண்டுபிடித்து, இப்போது அங்கே இருப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.

ஒன்றை மாமனாரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். கணக்கெடுப்பில் லார்ஸின் அப்பா பெயருக்கு எதிரே 'ஹுஸ்மன்' என்று இருந்தால், அவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. பண்ணைக்காரர் விட்ட துண்டு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு, அதற்கு ஈடாக அவருக்கு உழைத்துக் கொடுத்தவர்கள். அமெரிக்கா போனவர்களில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். அந்த வீடு இன்று நிற்காமல் இருக்கலாம். மேட்டில், மரங்களுக்கு நடுவே, பாசி படிந்த அஸ்திவாரக் கற்கள் மட்டும் இருக்கலாம். அந்தத் துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் உண்டு. பண்ணையில் இப்போது இருப்பவரிடம் அந்தப் பெயரைச் சொன்னால், எந்த மேடு என்று அவர் காட்டக்கூடும்.