புகைக் குண்டுதானே, எத்தனை வருடம் வைத்திருந்தால் என்ன?

"ராணுவப் புகைக் குண்டு வெடிக்கப் போவதில்லை, புகைதான் விடும். வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்தால் என்ன ஆபத்து?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெடிமருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஷெல் எனும் பீரங்கிக் குண்டுகளைவிட இந்தப் புகை டப்பாக்கள்தான் எனக்கு அதிகக் கவலை தந்தன. டிஎன்டி வெடிமருந்து நிரப்பிய ஷெல் சும்மா கிடந்தால் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். புகைக் கலவைக்கு ஈரம் பட்டால் போதும், உள்ளே வேலையை ஆரம்பித்துவிடும்.

எச்.சி. (HC) என்ற பழைய வகைப் புகை டப்பாவில் ஹெக்ஸாகுளோரோஈத்தேன், துத்தநாக ஆக்சைடு, அலுமினியத் தூள் மூன்றும் கலந்திருக்கும். துருப்பிடித்த டப்பாவில் ஊசிமுனை ஓட்டை விழுந்து ஈரம் புகுந்தால் மெல்லச் சூடேறும். சூடு வெளியேற வழியில்லை என்றால் யாரும் தொடாமலே பற்றிக்கொள்ளலாம். அப்போது கிளம்பும் துத்தநாகக் குளோரைடுப் புகை நுரையீரலைப் பதம் பார்க்கும். மூடிய அறையில் உயிரே போகலாம்.

சிவப்புப் பாஸ்பரஸ் நிரப்பிய புகைக் குண்டு வேறு ரகம். சும்மா காற்றுப் பட்டதும் தானாகப் பற்றாது, ஆனால் ஈரக் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவும் உண்டாகும். இறுக மூடிய பெட்டிக்குள் அந்த வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால் பழைய பெட்டியைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, காற்று வரும் பக்கம் நின்று திறப்போம். மூடியைத் தூக்கியதும் பூண்டும் அழுகிய மீனும் கலந்த மாதிரி ஒரு நெடி வரும். சரி, மூக்கு இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் பாஸ்பீனுக்கு வேலையிட வரம்பு பத்து லட்சத்தில் 0.3 பங்குதான், நெடி தெரிவதற்குள்ளேயே அதைத் தாண்டியிருக்கலாம். கையில் வாயு மானி இருக்க வேண்டும். பற்றவைக்கும் பகுதியின் செம்பு இணைப்புகள் கறுத்திருந்தால் அதோடு சேர்ந்து தயாரான மொத்தத் தொகுதியையே ஒதுக்கிவைத்துச் சோதிக்க வேண்டும், டப்பாவில் என்ன தேதி அடித்திருந்தாலும்.

அப்புறம் வெள்ளைப் பாஸ்பரஸ். இது 44 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், வெயில் காலத்தில் தகரக் கொட்டகைக்குள் சாதாரணமாக எட்டும் சூடு. இதை நிரப்பிய ஷெல்லைப் படுக்கவைத்திருந்தால் உருகி ஒரு பக்கமாக உறையும், சுடும்போது தள்ளாடும். அதனால் நிமிர்த்தித்தான் அடுக்குவோம், மற்ற சரக்கோடு சேர்க்காமல் தனியாக. பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி இருக்கும். ஒன்று கசிந்து வெண்புகை வந்தால் உடனே முக்கிவிட வேண்டும், காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும்.

பரணில் யாரோ விட்டுப்போன பழைய டப்பா ஒன்று இருப்பதால்தான் கேட்கிறீர்கள் என்றால், குலுக்கிப் பார்க்காதீர்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டும் போகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீஸுக்குச் சொல்லுங்கள்.