சாதுவாக இருந்த சிலந்தி ஏன் சீறுகிறது? டரன்டுலா வளர்ப்போர் கேள்வி-பதில்

டரன்டுலா என்னும் மயிரடர்ந்த பெரிய சிலந்திகளை வளர்ப்போரிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கின்றன. நேற்றுவரை பேசாமல் இருந்த சிலந்தி இன்று முன்கால்களைத் தூக்கி நச்சுப்பற்களைக் காட்டுகிறது என்பதே அது. ஊரில் இருப்பவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். அவரவர் இருக்கும் இடத்தையும் நிலைமையையும் பார்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி (ஸ்காபுறோ): ஆறு ஆண்டுகளாக ஒரு பெண் சிலி ரோஸ் சிலந்தியை வளர்க்கிறேன். கையில் ஏறி இருக்கும் அளவுக்கு அமைதியானது. இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை. இப்போது மூடியைத் திறந்தாலே பாய்கிறது. கடைசியாக எப்போது தோலுரித்தது என்பது நினைவில் இல்லை.

பதில்: நினைவில் இல்லாத அந்தத் திகதிதான் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி. வளர்ந்த பெண் சிலந்தி ஒரு தோலுரிப்புக்கும் மறு தோலுரிப்புக்கும் இடையில் ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ எடுக்கலாம். அந்த நாள் நெருங்கும்போது உணவை மறுப்பதும், நிறம் மங்குவதும், வயிற்றின் மேற்புறத்தில் மயிர் உதிர்ந்த வழுக்கை இடம் கருமையாவதும், சிறு அசைவுக்கும் சினப்பதும் வழமை. வயிறு உருண்டு திரண்டு இருக்கும்வரை பட்டினியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்த இனம் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், காரணம் புலப்படாமல் குணம் மாறுவதற்கும் பெயர்போனது.

நான் வெளிநாட்டில் இருந்த காலத்தில் இதே இனத்துப் பெண் சிலந்தி ஒன்றைப் பதினெட்டு ஆண்டுகள் வளர்த்தேன். அது முதன்முதலாக என் கண்முன்னே தோலுரித்த இரவில், வெண்ணிறத்தில் ஒரு வலைப்பாயை விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து, கையுறையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக உருவுவதுபோல எட்டுக் கால்களையும் பழைய தோலிலிருந்து மெல்ல மெல்ல இழுத்தெடுத்தது. வெளியே வந்தபோது நச்சுப்பற்கள் பால்போல வெள்ளையாக இருந்தன. பிறகுதான் அவை சிவந்து, பல நாட்கள் சென்று கறுத்தன. அந்த வெள்ளைப் பல்லால் ஒரு பாச்சையைக்கூடக் கடிக்க முடியாது. அப்படிப்பட்ட நிலையை நெருங்கிக்கொண்டிருக்கும் உயிர் யாரையும் கிட்ட விடாதிருப்பதில் என்ன வியப்பு?

செய்ய வேண்டியவை சில. தொட்டிக்குள் உயிருள்ள இரை இருந்தால் இன்றே அகற்றுங்கள். தோலுரிக்கும் சிலந்தியைப் பாச்சை கடித்துக் குதறிவிடும். நீர்க்கிண்ணம் நிறைந்திருக்கட்டும். மல்லாந்து கிடந்தால் இறந்துவிட்டதென்று எண்ணிப் புரட்டிவிடாதீர்கள். தோலுரித்தபின் ஏறத்தாழ இரண்டு வாரம், பல் நன்றாகக் கறுக்கும்வரை, உணவு வேண்டாம். கையில் எடுப்பதை இனி முற்றாக நிறுத்துங்கள். நிலத்தில் வாழும் பாரித்த சிலந்தி இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடித்து இறக்கக்கூடும்.

கேள்வி (இடம் எழுதப்படவில்லை): என் சிலந்தி கோபமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: எந்த இனம், ஆணா பெண்ணா, எவ்வளவு பெரியது, எத்தகைய தொட்டி, கடைசியாகத் தோலுரித்தது எப்போது என்று ஒன்றுமே எழுதாதவருக்கு என்ன மறுமொழி சொல்வது? இவற்றை எழுதி அனுப்புங்கள். அதுவரை தொட்டியைத் திறக்காதீர்கள்.

கேள்வி (நல்லூர்): திருவிழாக் கொடியேறிய நாளிலிருந்து எங்கள் சுருள்மயிர்ச் சிலந்தி பகலிலும் தொட்டியைச் சுற்றி ஓடுகிறது, தொட்டதற்கெல்லாம் மயிரை உதறுகிறது. ஒலிபெருக்கியின் சத்தம் காரணமாகுமா?

பதில்: ஆகும். டரன்டுலாவுக்கு எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை மிகக் குறைவு. அதன் உலகம் கால்மயிர்கள் வழியாக வரும் அதிர்விலேயே இருக்கிறது. இரை வருவதும் எதிரி வருவதும் அதற்கு அதிர்வாகவே தெரியும். ஒலிபெருக்கி முழங்கும்போது சுவரும் தட்டும் நடுங்குவதை நாம் பழக்கத்தால் உணர்வதில்லை, அது உணர்கிறது. சுவரில் அறைந்த தட்டிலிருந்து தொட்டியை இறக்கி, தெருப்பக்கம் அல்லாத உள்ளறையில், தடித்த நுரைமெத்தைத் துண்டின்மேல் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு அருகே வேண்டாம். ஒளிந்துகொள்ளப் பாதி புதைத்த சிரட்டை ஒன்று இருந்தால் போதும். இருபத்தைந்து நாளும் இடத்தை மாற்றி மாற்றி வைத்தால், அந்த மாற்றமே இன்னொரு தொல்லையாகிவிடும். ஒருமுறை மாற்றிவிட்டு அப்படியே விடுங்கள். அந்நிய நாட்டு இனத்தை வைத்திருப்பதற்கான அனுமதிப் பத்திரம் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஹரோ, லண்டன்): நான்கு வயதான என் சிலந்தி கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு மெலிந்து, கால் நீண்டு, இரவெல்லாம் அலைகிறது. முன்பு அசையாமல் இருக்கும்.

பதில்: அது முதிர்ந்த ஆண். முகத்தருகே உள்ள சிறு கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோலத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். பெண்ணைத் தேடியே அலைகிறது. இந்த அலைச்சல் இனி நிற்காது. பெண் சிலந்தி இருபது ஆண்டுகூட வாழலாம். முதிர்ந்த ஆணுக்கு எஞ்சியிருப்பது சில மாதங்கள், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகள். மூடியை இறுக்கமாகப் பூட்டுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): வன்னியில் பாலை மரம் தறித்த இடத்தில் ஒரு பெரிய புலிமுகச் சிலந்தியைப் பிடித்துப் போத்தலில் வைத்திருக்கிறேன். முதல் வாரம் நன்றாகப் பழகிவிட்டது, தட்டினாலும் அசையாது. இப்போது போத்தலைத் தொட்டாலே எழுந்து நின்று அடிக்கிறது. எப்படித் திரும்பவும் பழக்குவது?

பதில்: தம்பி, அது பழகவே இல்லை. "பழகிவிட்டது" என்ற இந்தச் சொல்லை முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் அஞ்சி ஒடுங்கிய ஒரு சிலந்தியைத்தான் கண்டிருக்கிறேன். மரப்பொந்தில் வாழும் இந்த இனத்தின் முதல் தற்காப்பு, பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு அசையாதிருப்பது. நீர் முதல் வாரம் கண்டது அதைத்தான். பட்டையும் பொந்தும் இல்லாத கண்ணாடியில் ஒட்டியிருந்து பயனில்லை என்றானபோது, அதற்கு எஞ்சியது முன்கால்களைத் தூக்கி, அவற்றின் அடிப்புறத்து மஞ்சளைக் காட்டி எச்சரிப்பது மட்டுமே. பெண்ணாக இருந்து முட்டையும் சுமந்திருந்தால், சீற்றம் இன்னும் கூடும்.

அதன் கடியை எளிதாக எண்ண வேண்டாம். அமெரிக்கக் கண்டத்து இனங்களைப்போல உறுத்தும் வயிற்று மயிரை உதறித் தற்காத்துக்கொள்ளும் வழி இதற்கு இல்லை. நஞ்சும் அவற்றினதைவிடக் கடுமையானது. டரன்டுலா கடியால் மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை என்றாலும், இந்தப் பேரினத்தின் கடி கடுமையான தசைப்பிடிப்பைத் தரும், சில வேளைகளில் அது நாட்கள் கழித்தும் திரும்பி வரும். கடித்தால் பச்சிலை கட்டிக்கொண்டு வீட்டில் இருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எனக்கு இதில் உள்ள மனக்குறை கடியைப் பற்றியது அல்ல. பொயெசிலோதேரியா என்னும் இந்தப் பேரினம் உலகிலேயே இலங்கையிலும் இந்தியாவிலும் மட்டும் வாழ்வது. மாங்குளம் பகுதியிலிருந்து கிடைத்த ஓர் இனத்தை 2012 இல் தான் அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். களத்தில் ஆய்வாளர்களுக்குத் துணைநின்ற ஒரு பொலிஸ் அதிகாரியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். கால்களை விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் வரும் அவ்வளவு பெரிய உயிர், நம் கண்முன்னே பெயரில்லாமல் வாழ்ந்திருக்கிறது. முதிய மரங்களின் பொந்துகளை நம்பியே இவை வாழ்கின்றன, மரம் போனதும் பழைய கட்டடங்களுக்குள் வருகின்றன, அங்கே செருப்படி. 2019 முதல் இப்பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. அப்படியிருந்தும் "வெளிநாட்டில் நல்ல விலை போகுமாமே" என்று கேட்கும் கடிதங்கள் எனக்கு வருகின்றன. நீர் அப்படிக் கேட்கவில்லை என்பதற்காக நன்றி. ஆனாலும் காட்டிலிருந்து ஒன்றைப் பிடித்துப் போத்தலில் அடைப்பதும், அது சீறும்போது குணம் கெட்டுவிட்டது என்பதும் எனக்குப் பொறுக்கவில்லை.

போத்தலைக் கையால் திறக்க வேண்டாம். அருகிலுள்ள வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்லும்படி, பிடித்த இடத்துக்கு அண்மையில் பொந்துள்ள ஒரு முதிய மரத்தடியில், பொழுது சாயும் நேரத்தில் விடுவிப்பதற்கு ஏற்பாடு செய்யும். இந்த வாரத்துக்குள் செய்யும்.

கேள்வி (வெள்ளவத்தை): டெங்கு ஒழிப்புக்காகத் தெருவில் புகையடித்த மறுநாள் முதல் என் சிலந்தி கால்களை வெட்டி வெட்டி இழுக்கிறது, தள்ளாடுகிறது, தொட்டால் கண்டபடி பாய்கிறது. கோபமா?

பதில்: குணமாற்றம் அல்ல, நஞ்சூட்டமாக இருக்கக்கூடும். நுளம்பைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும், நுளம்புத்திரியும் அப்படியே. தொட்டியில் பரப்பியிருக்கும் தும்புத்தூள் முழுவதையும் கொட்டி, தொட்டியை வெறும் நீரால் பலமுறை கழுவி, புதிய தூளும் நீரும் வைத்து, காற்றோட்டமான, புகை படாத அறையில் விடுங்கள். மாற்று மருந்து எதுவும் இல்லை. சில தேறும், சில தேறாது. சமையலறையில் பிடித்த கரப்பொத்தானை இரையாகப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். எந்த வீட்டு மருந்தை உண்டுவிட்டு அது வந்ததென்று யாருக்குத் தெரியும்? அடுத்தமுறை புகையடிக்கும் அறிவிப்பு வந்தால், யன்னலைச் சாத்துவதற்கு முன்பே தொட்டியை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (மிசிசாகா): தொட்டியைத் துப்புரவாக்கும்போது மயிரை உதறியது. கண் உறுத்துகிறது.

பதில்: கண்ணைக் கசக்காதீர்கள். நிறைய நீரால் கழுவிவிட்டு இன்றே கண் வைத்தியரிடம் போய், சிலந்தி மயிர் என்று சொல்லுங்கள். நுண்ணிய முட்கள் கண்ணில் ஏறினால் நீரால் மட்டும் வெளியே வரமாட்டா. அடுத்தமுறை நீண்ட சாவணமும், கையுறையும், கண்ணாடியும் வேண்டும்.

கேள்வி (மார்க்கம்): புதுத் தொட்டிக்கு மாற்றியதிலிருந்து நிலத்தில் இறங்காமல் கண்ணாடியிலேயே தொங்குகிறது, கிட்டப் போனால் சீறுகிறது. பழைய தொட்டிக்கே மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். தும்புத்தூள் ஈரமாக இருக்கும்; தொட்டுப் பாருங்கள். உலரவிட்டு, நீர்க்கிண்ணத்தை மட்டும் நிரப்பி, இரண்டு மூன்று வாரம் திறக்காமல் விடுங்கள். தோலுரித்த திகதியைத் தொட்டியின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.