நாய்க்கு வித்தை கற்பிக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

வளர்ப்பு நாய்க்கு வீட்டிலேயே வேடிக்கை வித்தைகளைக் கற்றுக்கொடுப்பது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால், அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்களிடம் நான்கு மாத லாப்ரடார் குட்டி இருக்கிறது. கைகொடுப்பது, சுற்றுவது, உருளுவது என்று எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கப் பிள்ளைகள் துடிக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: எட்டு வாரக் குட்டியே எளிய வித்தைகளைக் கற்றுக்கொள்ளும் என்பதால் வயதைப் பற்றிய தயக்கம் வேண்டாம். ஆனால் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் மூன்றுக்கும் முன்பாக, பார்ப்பதற்கு வித்தை என்றே தோன்றாத ஒன்றைக் கற்பியுங்கள். அது உங்கள் உள்ளங்கையை மூக்கால் தொடுவது. விரித்த வெறுங்கையைக் குட்டியின் முகத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தொலைவில் நீட்டினால், என்னவென்று மோந்து பார்க்க அது தானாகவே வரும். ஈரமான மூக்கு கையில் பட்ட அதே கணத்தில் ‘சபாஷ்’ என்று சொல்லி, மறு கையிலிருந்து பட்டாணி அளவுள்ள தின்பண்டம் ஒன்றைக் கொடுங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகு கையைச் சற்றுத் தள்ளி நீட்டிப் பாருங்கள். குட்டி எழுந்து வந்து தொடுமானால், முதல் பாடம் முடிந்தது என்று கொள்ளலாம்.

இங்கே ‘சபாஷ்’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். ஓர் ஒலியைத் தொடர்ந்து உணவு வரும் என்று பழகிவிட்ட நாய்க்கு, அந்த ஒலியைக் கேட்டவுடனேயே எச்சில் ஊறுவதை ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் தம் ஆய்வுகளில் விரிவாகக் காட்டினார். நாம் சொல்லும் சபாஷும் அவ்வாறே, உணவு வருகிறது என்பதற்கான முன்னறிவிப்பாக நாயின் மனத்தில் பதிகிறது. தின்பண்டத்தை எடுத்துக் கொடுக்க இரண்டு மூன்று விநாடிகள் ஆகும். அதற்குள் குட்டி தலையைத் திருப்பியிருக்கும், பின்னங்காலால் காதைச் சொறிந்திருக்கும். எந்தச் செயலுக்குப் பரிசு கிடைத்தது என்று அது தெரிந்துகொள்ள வேண்டுமானால், செயல் நிகழ்ந்த ஒரு விநாடிக்குள் அந்தச் சொல் காதில் விழ வேண்டும். அமெரிக்க உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் 1951இல் பொதுவாசகர்களுக்காக எழுதிய ஒரு கட்டுரையில், இதற்கு ‘டிக்’ என்று ஒலிக்கும் சிறு விளையாட்டுப் பொருளே போதும் என்று பரிந்துரைத்தார். இன்று கிளிக்கர் என்ற பெயரில் விற்பது ஏறத்தாழ அதுதான். கிளிக்கர் கட்டாயம் தேவை என்று நான் கருதவில்லை, வீட்டில் எல்லோரும் ஒரே தொனியில் சொல்லக்கூடிய ஒரு குறுஞ்சொல் இருந்தால் போதும்.

உள்ளங்கையைத் தொடப் பழகிய குட்டிக்குச் சுற்றுவது எளிது. கையை அதன் மூக்குக்கு முன்னால் வைத்து, வாலை நோக்கி அகன்ற வட்டமாக மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள். முதலில் கால்வட்டம் திரும்பினாலே பரிசு கொடுங்கள், பிறகு அரைவட்டத்துக்கு, அதன் பிறகே முழு வட்டத்துக்கு. முழு வட்டம் போட்டால்தான் தருவேன் என்று முதல் நாளே பிடிவாதம் பிடித்தால் குட்டி சலித்து விலகிவிடும். ஒரு முறைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை என்பதே இந்த வயதுக்குச் சரியான அளவு. பிள்ளைகளுக்கும் அதற்கு மேல் பொறுமை இராது.

கேள்வி: பாதத்தைப் பிடித்துத் தூக்கி, குலுக்கி, தின்பண்டமும் கொடுத்துக் கைகொடுக்கக் கற்பிக்கிறோம். ஆனால் நாளாக ஆக எங்கள் நாய் காலை இழுத்துக்கொள்கிறது. கையை நீட்டினாலே நகர்ந்துபோகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலான நாய்களுக்குப் பாதத்தைப் பிடிப்பது பிடிக்காது. நீங்கள் தூக்கும்போது அது கற்பது, கை நீண்டால் கால் பிடிபடும் என்பதைத்தான். தவிர, தூக்கும் வேலையை நீங்களே செய்துவிடுவதால், தானாகத் தூக்க வேண்டும் என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

கொஞ்ச நாள் பாதத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, பிறகு இவ்வாறு செய்யுங்கள். நாயை உட்கார வைத்து, மணமுள்ள தின்பண்டத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, அந்த முட்டியைத் தரைக்கு அருகில், அதன் முன்னங்கால்களுக்கு எதிரே வையுங்கள். அது மோந்து பார்க்கும், விரல்களை நக்கும், மூக்கால் முட்டும், சில நாய்கள் முன்பல்லால் மெல்லக் கவ்வியும் பார்க்கும். அதுவரை கையைத் திறக்கவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். வாயால் நடக்கவில்லை என்றதும் நாய் அடுத்ததாக முன்னங்காலால் பிறாண்டும். நகம் கையில் பட்டவுடன் சபாஷ் சொல்லிக் கையைத் திறந்துவிடுங்கள். சில நாய்கள் காலைத் தூக்காமல் எடையை மட்டும் ஒருபக்கமாகச் சாய்த்து, தோளை அசைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். தொடக்கத்தில் அந்த அசைவுக்கும் பரிசு உண்டு. கால் தயக்கமின்றி வரத் தொடங்கியதும் முட்டியைச் சிறிது சிறிதாக உயர்த்தி, பின்னர் வெறுங்கையை விரித்து நீட்டுங்கள். பாதத்தைப் பற்றிக் குலுக்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டியது. அதையும் விரலால் தாங்கினாற்போல் செய்து உடனே விட்டுவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்த வித்தையைக் கற்ற நாய், நீங்கள் சாப்பிடும்போதும் படிக்கும்போதும் தொடையில் பிறாண்டிக்கொண்டே இருக்கும். அழகாக இருக்கிறதே என்று அப்போதெல்லாம் எதையாவது கொடுத்தால், பிறகு நிறுத்த முடியாது. நீங்கள் கேட்டபோது கொடுத்த கைக்கு மட்டுமே பரிசு என்பதில் வீட்டார் அனைவரும் உறுதியாக இருக்க வேண்டும்.

கேள்வி: கையில் தின்பண்டம் இருந்தால்தான் எங்கள் நாய் சொன்னதைச் செய்கிறது. வெறுங்கையைக் காட்டினால் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. இது பேராசை இல்லையா?

பதில்: இல்லை. நீங்கள் காட்டிப் பழக்கியதை அது சரியாகவே கற்றிருக்கிறது. தின்பண்டத்தைக் காட்டி இழுப்பதும், செய்து முடித்த பிறகு பரிசாகத் தருவதும் வெவ்வேறானவை. முதலாவது, அசைவை அறிமுகப்படுத்துவதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். மூன்று நான்கு முறை தின்பண்டத்தோடு செய்து காட்டியதும், அதே கையசைவை வெறுங்கையால் செய்து, பரிசை மேசையிலிருந்தோ சட்டைப் பையிலிருந்தோ எடுத்துக் கொடுங்கள். வெறுங்கைக்குப் பின்னாலும் பரிசு வரும் என்று நாய்க்குத் தெரிந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. வித்தை நன்றாகப் படிந்த பிறகு ஒவ்வொரு முறையும் கொடுக்காமல் சில முறை விட்டுவிட்டுக் கொடுக்கலாம், தின்பண்டத்துக்குப் பதில் பந்தை எறியலாம். படிவதற்கு முன்பே குறைத்தால் கற்றதும் போய்விடும்.

கேள்வி: நாய் நம் சொல்லைப் புரிந்துகொள்கிறதா, கையைப் பார்த்துச் செய்கிறதா?

பதில்: பெரும்பாலும் கையைப் பார்த்துத்தான். ஐயமிருந்தால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி, சொல்லை மட்டும் சொல்லிப் பாருங்கள். வெகு காலமாக ‘சுற்று’ என்றதும் சுற்றிய நாய் அப்போது விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். அதற்காக நாய்க்குச் சொல் பழகாது என்று சொல்லிவிட முடியாது. சேசர் என்ற பார்டர் கோலி நாய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைப் பெயர் சொன்னவுடன் தேடி எடுத்துவரக் கற்றிருந்தது என்று 2011இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் பல ஆண்டு அன்றாட உழைப்பு இருந்தது.

சொல்லும் கையசைவும் ஒரே சமயத்தில் வந்தால் நாய் கையையே கவனிக்கும் என்பதால், வரிசைதான் முக்கியம். முதலில் சொல்லைச் சொல்லி, ஒரு விநாடி நிறுத்தி, பிறகு கையை அசையுங்கள். பல நாள் இவ்வாறு செய்தால், கை அசைவதற்கு முன்பே அது சுற்றத் தொடங்கும். வீட்டில் ஒருவர் ‘உட்கார்’ என்றும், இன்னொருவர் ‘சிட்’ என்றும், மூன்றாமவர் ‘உட்காருடா செல்லம், உட்காரு’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தால் எந்த நாயாலும் கற்க இயலாது. ஒரு காகிதத்தில் சொற்களை எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுங்கள். கூடத்தில் கற்றதை நாய் தோட்டத்தில் மறந்தாற்போல் நிற்பதும் இயல்பே. புதிய இடத்தில் முதல் படியிலிருந்து தொடங்கினால் விரைவில் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் நாய் எல்லாம் செய்கிறது, உருள மட்டும் மறுக்கிறது.

பதில்: மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நாய்க்குப் பாதுகாப்பற்ற நிலை, அதனால் தயங்குகிறது. வழுவழுப்பான தரையில் கேட்காமல், ஒரு பாயையோ கனமான போர்வையையோ விரித்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும்போது தின்பண்டத்தை அதன் மூக்கிலிருந்து தோளை நோக்கிக் கொண்டுபோனால் இடுப்பு ஒருபக்கமாகச் சாயும். ஒருசில நாட்கள் அந்தச் சாய்வுக்கு மட்டுமே பரிசு கொடுங்கள், உடலைப் பிடித்துப் புரட்ட வேண்டாம். உணவு உண்டவுடன் இந்த வித்தை கூடாது, குறிப்பாக மார்பு ஆழமான பெரிய இனங்களுக்கு. முன்பு உருண்டுகொண்டிருந்த நாய் திடீரென மறுத்தால் முதுகிலோ இடுப்பிலோ வலி இருக்கக்கூடும் என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒன்பது வயது நாய் இனிமேல் கற்குமா? அதற்குக் காதும் மந்தமாகிவிட்டது.

பதில்: கற்கும். சபாஷுக்குப் பதிலாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுங்கள். குதிப்பதை விட்டுவிட்டு, மூக்கால் தொடுவது, பொருளை எடுத்துத் தருவது போன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எங்கள் டாஷண்டைப் பின்னங்கால்களில் நிற்கப் பழக்கலாமா? பரிசாக எதைக் கொடுக்கலாம்?

பதில்: வேண்டாம். முதுகு நீண்டு கால் குட்டையான இனங்களுக்கு முதுகெலும்பு வட்டுகள் பழுதடையும் வாய்ப்பு மற்ற இனங்களைவிட அதிகம். முற்றினால் பின்னங்கால்கள் செயலிழக்கவும் கூடும். அதேபோல் எலும்பு வளர்ச்சி முடியாத குட்டியை வளையத்துக்குள் தாவச் செய்வதும் தவறு, பெரிய இனங்களில் அந்த வளர்ச்சி முடிய ஒன்றரை வயது வரை ஆகலாம். இணையக் காணொளிகளில் இவை பார்க்க வேடிக்கையாக இருக்கின்றன என்பது உண்மைதான்.

பரிசுக்கு உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி இறைச்சியின் சிறு துண்டுகள் நன்றாகப் பயன்படும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் கலந்த இனிப்புகள் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பரிசாகத் தருபவை எல்லாம் சேர்ந்து நாளின் மொத்த கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அந்த அளவை வழக்கமான உணவில் குறைத்துவிடுங்கள். டாஷண்டுக்கு எடை கூடினால் அந்தச் சுமையும் முதுகில்தான் ஏறும்.

கேள்வி: பயிற்சி தொடங்கிய சிறிது நேரத்தில் எங்கள் நாய் கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறது. சோம்பலா, திமிரா? அதட்டலாமா?

பதில்: இரண்டும் இல்லை. தூக்கமின்றி வரும் கொட்டாவி, உணவின்றி உதட்டை நக்குவது, பார்வையைத் தவிர்ப்பது, காரணமின்றித் தரையை மோந்துகொண்டிருப்பது ஆகியவை நாய் மன அழுத்தத்தில் இருப்பதற்கான அறிகுறிகள். கேட்டது கடினமாக இருந்திருக்கலாம், நேரம் நீண்டிருக்கலாம், உங்கள் குரல் உயர்ந்திருக்கலாம். அதட்டினால் அப்போதைக்குச் செய்யும், மறுநாள் பயிற்சி என்றாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். அறிகுறி தென்பட்டவுடன், அதற்கு நன்றாகத் தெரிந்த எளிய வித்தை ஒன்றைக் கேட்டு, பரிசு கொடுத்து, அன்றைய பயிற்சியை முடித்துவிடுங்கள். மறுநாள் ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள்.