அறிக்கையில் ‘குடிக்க உகந்தது’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீரோடு போர் தண்ணீரையும் கலந்து விடுகிறார்கள். கேட்டால் ‘குடிக்க உகந்தது’ என்று ஆய்வு அறிக்கையைக் காட்டுகிறார் ஊராட்சி செயலர். ஆனால் 9 வயது மகனுக்கு முன்பற்களில் பழுப்புக் கறை. அறிக்கையை நம்பலாமா?

பதில்: அந்தத் தாளில் மாதிரி எடுத்த இடமும் தேதியும் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் நிறைய வந்த நாளில் தொட்டிக்கடியில் பிடித்த ஒரு கேன் தண்ணீரின் முடிவு, அந்த நாளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

இப்படிப் பழுப்புக் கறை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு என்ற உப்பை. ஒரு பேச்சுக்கு, ஒகேனக்கல் தண்ணீரில் அது லிட்டருக்கு 0.4 மில்லிகிராம், உங்கள் போரில் 2.4 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.4. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி ஏற்கத்தக்க அளவு 1.0. வேறு நீராதாரமே இல்லாத இடத்துக்குத்தான் 1.5 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். இந்த 1.5-ஐ வைத்துத்தான் 1.4 ‘உகந்தது’ ஆகிவிடுகிறது. குழாய் உடைந்து ஆற்றுத் தண்ணீர் நின்றுபோன வாரத்தில் வீட்டுக்கு வருவது முழுக்க 2.4. அந்த வாரம் யாரும் மாதிரி எடுப்பதில்லை.

2013-இல் தண்ணீர் கொடுக்கத் தொடங்கிய ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய்) தணிப்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரிலேயே போரைக் கலந்துவிட்டு, வேறு ஆதாரம் இல்லாத ஊருக்கான சலுகையைக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மகனின் பல்லுக்கும் இன்றைய அறிக்கைக்கும் நேரடித் தொடர்பில்லை. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும்போதே ஃபுளோரைடு வேலையைக் காட்டிவிடும்; பல் முளைத்த பிறகுதான் நமக்குத் தெரியும். அவன் சின்ன வயதில் குடித்த தண்ணீரின் கணக்கு அது. எல்லாக் கறையும் ஃபுளோரைடால் வருவதும் இல்லை, பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வீட்டில் அவனுக்குப் பின் கைக்குழந்தை இருந்தால் அவசரம் அந்தக் குழந்தைக்குத்தான்.

சரி, என்ன செய்யலாம்? போர், தொட்டி, தெருக்கோடி வீட்டுக் குழாய் என மூன்று இடத்திலும் தனித்தனியாக மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். வீடுதோறும் குடிநீர்க் குழாய் தரும் ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்ட வழிகாட்டுதல்படி வேதியியல் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை, கிருமிச் சோதனை இருமுறை நடக்க வேண்டும். ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீரை ஊரிலேயே சோதிக்கும் பெட்டியில் பயிற்சியும் உண்டு. பெட்டி அலுவலக பீரோவில் தூங்குகிறதா என்று விசாரியுங்கள். பெட்டியில் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது குத்துமதிப்புதான். சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டி நீங்களே கொடுக்கலாம். சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். போர் என்றால் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடட்டும். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகம் தரும் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், அதை அலசக் கூடாது.

குளோரின் இன்னொரு சங்கதி. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடைத் தொடாது. காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

முடிவுகள் கைக்கு வந்ததும் கிராம சபையில் வையுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. போர் தண்ணீரைத் தனிக் குழாயில் விட்டு, புழங்க மட்டும் வைத்துக்கொள்ளத் தீர்மானம் கேளுங்கள். குளிக்க, துவைக்க, மாட்டுக் கொட்டகை கழுவ அது தாராளமாகப் போதும். அதுவரை குடிக்க மட்டுமல்ல, சோறு வடிக்கவும் களி கிண்டவும்கூட ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்ததையே எடுங்கள்.